உப்புக்காத்துல கிரிப்டோ வாலட் பேக்கப்: பேப்பரா, பென் டிரைவா, ஸ்டீல் தகடா?

வாலட்னா பிட்காயின் மாதிரி காயினைச் செலவு பண்ற ரகசியச் சாவி இருக்க ஆப் இல்ல டிவைஸ், அதோட பேக்கப் பத்தி எங்க படிச்சாலும் வீடு தீப்பிடிச்சா என்ன ஆகும்னுதான் பேசுறாங்க. நம்ம ராமநாதபுரம் கடலோரத்துல, தொண்டியில ஆரம்பிச்சு கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும், தீக்கு முன்னாடி வந்து நிக்கிறது உப்புக்காத்து. மயாமிக்கு அடுத்து உலகத்துலயே துரு ஜாஸ்தி பிடிக்கிற இடம்னு பாம்பனைச் சொல்வாங்க, 1914-ல திறந்த பாலத்துல 2022 டிசம்பர்ல ரயிலையே நிறுத்திட்டாங்க, அவ்ளோ பெரிய இரும்புக்கே அந்தக் கதின்னா பீரோவுல கிடக்குற பென் டிரைவை நெனச்சுப் பாருங்க. அதனால இந்த அலசல் முழுக்க நம்ம ஊர்க் கணக்குதான்.

எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது காயின் வாங்கி விக்கிற கம்பெனி கணக்குலயே, காயின் வெச்சிருக்கவங்களுக்கு இது இல்ல. அங்க சாவி கம்பெனி கையில, நீங்க பேக்கப் எடுக்க ஒண்ணுமே கிடையாது, 2024 ஜூலையில வசீர்எக்ஸ்ங்கிற எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 23 கோடி டாலர் திருடு போனப்ப கஸ்டமருங்க கையைப் பெசஞ்சுக்கிட்டு நின்னாங்கல்ல. சொந்த வாலட்னா 12 இல்ல 24 வார்த்தை சீட் ஃப்ரேஸ் கொடுப்பான், அந்த வார்த்தைங்கதான் சாவிக்கே மூலம், 2013-ல வந்த பிப்-39 முறை, மொத்தம் 2048 வார்த்தை இருக்க பட்டியல்லேர்ந்து எடுத்தது. அந்த வார்த்தை வரிசை மாறாம கையில இருந்தா போன் கடல்ல விழுந்தாலும் கவலை இல்ல. லெட்ஜர், ட்ரெசர் மாதிரி சாவியைப் பூட்டி வெக்கிற குட்டி டிவைஸ் வாங்குனவங்க சில பேரு அந்த டிவைஸையே பேக்கப்னு நெனச்சுக்கிறாங்க, அது பூட்டுதான், பேக்கப் அந்த வார்த்தைங்க.

போட்டோ எடுத்து கேலரியில வெக்கிறது, வாட்ஸ்அப்ல நமக்கு நாமளே அனுப்பிக்கிறது, ஜிமெயில் டிராஃப்ட், இதெல்லாம் ஒரே கேஸ். வேணாம். ஸ்பார்க்கேட்னு ஒரு மால்வேர், 2025 பிப்ரவரியில காஸ்பர்ஸ்கிங்கிற சைபர் பாதுகாப்பு கம்பெனி கண்டுபிடிச்சு சொன்னது, கேலரி போட்டோவுல இருக்க எழுத்தைப் படிச்சு சீட் ஃப்ரேஸைத்தான் தேடிச்சு, ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் ரெண்டுலயும் இருந்த ஆப்புக்குள்ளயே ஒளிஞ்சிருந்துச்சு.

பேப்பர் இதை விட எவ்ளோவோ தேவலை, யாராலயும் ஹேக் பண்ண முடியாது. ஆனா ஐப்பசி கார்த்திகை அடைமழையில ஓட்டு வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ள ஈரம் எப்படி ஏறும்னு நமக்குத் தெரியும், ஜெல் பேனா எழுத்து அப்படியே பரவிடும், அதுக்கு பென்சில் மேல், தண்ணியில கரையாது. லேமினேட் பண்ணா போதும்னு சொல்றவங்க ஓரம் பிரிஞ்சு உள்ள போன ஈரம் வெளிய வராதுங்கிறதை மறந்துடுறாங்க, அதோட லேமினேஷன் கடைக்காரரு கையில வார்த்தையைக் கொடுக்கிறதே தப்பு. கரையான் தனிக் கதை. 1964 தனுஷ்கோடி, 2004 சுனாமி, 2018 கஜா, இப்படி ஒண்ணு வந்தா பேப்பரோட சேத்து பெட்டியும் போயிடும்.

பென் டிரைவ், எஸ்டி கார்டு: கரன்ட் கொடுக்காம வருஷக்கணக்கா போட்டு வெச்சா உள்ள இருக்க டேட்டாவே மெல்ல அழியும், அதுக்கு மேல நம்ம ஊருல கனெக்டர் பச்சை பூத்துடும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வெச்சா அந்த பாஸ்வேர்டுக்கு வேற ஒரு பேக்கப் வேணும். ஸ்டெஃபன் தாமஸ்ங்கிற புரோகிராமரு 7002 பிட்காயினோட சாவியை ஒரு ஐயர்ன்கீ டிரைவ்ல வெச்சுட்டு பாஸ்வேர்டு எழுதுன தாளைத் தொலைச்சாரு, பத்து தடவை தப்பாப் போட்டா டிரைவ் ஒரேயடியா பூட்டிக்கும்.

இப்ப ஸ்டீல் தகடு. என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா எந்த ஸ்டீலுங்கிறதுல ஊரு உலகம் ஏமாறுது. காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்னு கடையில சொல்வாங்க, மலிவுப் பாத்திரத்துல வர்ற 202 கிரேடும்தான் காந்தத்துல ஒட்டாது, ஆனா உப்புக்காத்துல புள்ளி புள்ளியா துரு விழும். 304 பரவால்ல. 316-ல மாலிப்டினம் கலந்திருக்கும், உப்பைத் தாங்குறது அதுதான், படகுக்கு ஃபிட்டிங் செய்யிற பட்டறையில துண்டு கிடைக்கும், கிரேடு கேட்டு வாங்குங்க. அலுமினியம் லேசு, வேலையும் சுலபம், ஆனா 660 டிகிரியில உருகிடும், ஸ்டீலுக்கு 1400 கிட்ட போகணும். ஹார்டுவேர் கடையில லெட்டர் பஞ்ச் செட் வாங்கி நீங்களே அடிங்க, பட்டறை ஆளை அடிக்கச் சொல்லாதீங்க. முழு வார்த்தையும் வேணாம், முதல் நாலு எழுத்து போதும், பட்டியல்ல எந்த ரெண்டு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து ஒண்ணா வராது. தகட்டை மரத்து மேல வெச்சு அடிச்சா துள்ளும், எழுத்து ரெட்டையா விழும், கீழ கனமான இரும்புத் துண்டு வேணும். எம் தலைகீழா விழுந்தா டபிள்யூ மாதிரி தெரியும், வார்த்தைக்கு வரிசை நம்பரும் அடிக்கணும், நிறைய செட்ல 6-க்கும் 9-க்கும் ஒரே பஞ்ச்தான், அதனால நம்பருக்கு அடியில ஒரு புள்ளி வெச்சுடுங்க, வரிசை மாறினா வாலட் திறக்காது. ரெண்டு தகட்டை மூடி நட்டு போடுறதா இருந்தா சாதா இரும்பு நட்டு போடாதீங்க, துரு அங்கதான் ஆரம்பிக்கும். மேலாக துரு வந்தாலும் பரவால்ல, குழியா அடிச்ச எழுத்து, தேய்ச்சுட்டுப் படிச்சுக்கலாம்.

சரி, தகடு ஒண்ணு யாராச்சும் கையில சிக்கிடுச்சுன்னா? இங்கதான் ஆளாளுக்கு மூளையைக் காட்டுறாங்க. 12 வார்த்தையை மூணு தகட்டுல, எந்த ரெண்டு சேந்தாலும் முழுசா வர்ற மாதிரி எட்டு எட்டா எழுதுறது ஒரு வழி, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு தகடு கிடைச்சவனுக்கு மிச்சம் நாலு வார்த்தைதான், 2048-ஐ நாலு தடவை பெருக்கினா சுமார் 17.6 லட்சம் கோடி, செக்சம், அதாவது வார்த்தைங்க சரியான்னு சரிபாக்குற உள்கணக்கு, அதை வெச்சு அதையும் பதினாறுல ஒண்ணாக் குறைச்சுடலாம், நல்ல கிராஃபிக்ஸ் கார்டுங்க வெச்சிருக்கவனுக்கு அது முடியாத வேலை இல்ல. பிரிக்கணும்னா அதுக்குன்னே கணக்குப் போட்டு செஞ்ச ஷமீர் முறை இருக்கு, ஸ்லிப்-39, ஒரு பங்கு மட்டும் சிக்குனா ஒண்ணும் தெரியாது, ஆனா எல்லா வாலட்டும் இதை ஏத்துக்காது. மல்ட்டிசிக் 2-க்கு-3, அதாவது மூணு தனித்தனி சீட்ல எதாவது ரெண்டு சேந்தாத்தான் காசு நகரும்ங்கிற முறை, பெரிய தொகைக்கு ரொம்ப உறுதி, இதுல பல பேருக்குத் தெரியாதது, ரெண்டு சீட் மட்டும் இருந்தா பத்தாது, மூணாவதோட பப்ளிக் கீயும் (அதை மட்டும் வெச்சு காசு எடுக்க முடியாத பொதுச் சாவி) வேணும், அதனால இந்த விவரமெல்லாம் இருக்க வாலட் கான்ஃபிக் ஃபைலை ஒவ்வொரு தகடோடயும் வெக்கணும். பாஸ்ஃப்ரேஸ், அதாவது சீட் வார்த்தைங்களோட நாமளே கூடுதலா சேக்குற ரகசியச் சொல், போடுறது சுலபம், ஆனா ஒரு எழுத்து தப்பாப் போட்டா எரர் காட்டாது, காலி வாலட் ஒண்ணைத் திறந்து காட்டும், வீட்டுல இருக்கவங்க காசு போச்சுன்னு அழுவாங்க.

சில லட்சம் வரைக்கும் வெச்சிருக்கவங்களுக்கு பிரிக்காத 12 வார்த்தை, ரெண்டு தகடு, ரெண்டு ஊரு போதும். ரெண்டையும் கடலோரத்துலயே, ஒண்ணு மண்டபம் ஒண்ணு தங்கச்சிமடம்னு வெச்சா ஒரே புயல் ரெண்டையும் பாத்துடும், ஒண்ணாவது பரமக்குடி, மதுரைன்னு உள்ள தள்ளிப் போகட்டும். பேங்க் லாக்கர் நல்ல இடம்தான், ஆனா ரிசர்வ் பேங்கோட 2021 விதிப்படி திருட்டு, தீன்னா வருஷ வாடகை மாதிரி 100 மடங்கு வரைக்கும்தான் பேங்க் பொறுப்பு, வெள்ளம் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்கு அதுவும் இல்ல. காசு ஏத்துறதுக்கு முன்னாடி டிவைஸை ரீசெட் பண்ணிட்டு தகட்டைப் பாத்தே ரீஸ்டோர் பண்ணிப் பாத்துடுங்க.

கடலுக்குப் போறவங்க, துபாய் சவுதியில இருக்கவங்க இன்னொண்ணும் செய்யணும். எந்த ஆப், எத்தனை வார்த்தை, தகடு எங்க இருக்கு, பாஸ்ஃப்ரேஸ் உண்டா இல்லையா, இதை ஒரு தாள்ல எழுதி வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கொடுங்க, வார்த்தைங்க மட்டும் அதுல வேணாம். யாராச்சும் போன் பண்ணி வாலட் வெரிஃபிகேஷன்னு அந்த வார்த்தையைக் கேட்டா சொல்லக் கூடாதுன்னு அதே தாள்ல பெரிய எழுத்துல எழுதிடுங்க.