சொரியாசிஸ்: களிம்பு மட்டும் போதுமா, சீனக் கஷாயமும் வேண்டுமா, வெட்பாலையா?

தோல் சிவந்து செதிலாக உதிரும் நோய் சொரியாசிஸ். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சொரியாசிஸ்காரர்கள் எல்லாவற்றையும் கலந்துகட்டித்தான் பார்க்கிறார்கள். மெடிக்கலில் வாங்கிய களிம்பு, சித்த மருத்துவரிடம் வாங்கிய வெட்பாலைத் தைலம் போதாதென்று, ஆன்லைனில் வரும் சீன மூலிகைப் பொடியும் இப்போது சேர்ந்திருக்கிறது.

அடிப்படை களிம்புதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுமார் ஒரு மாதம் பிடிக்க வேண்டிய தோல் புதுப்பிப்பு இந்த நோயில் சில நாட்களிலேயே முடிந்து செதிலாகக் குவிகிறது. கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்து அந்த வேகத்தைக் குறைக்கும்; பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். இரண்டும் சேர்ந்த களிம்புக்கே என் ஓட்டு. குறையும் உண்டு: ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சட்டென்று நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்பலாம்.

களிம்போடு சீனக் கஷாயமும் குடித்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது என்று சீன ஆய்வுகள் பல சொல்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள். மருந்துக் கலவையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அதைவிட உள்ளே போகும் பொருள்தான் என்னை யோசிக்க வைக்கிறது. சில சீன மருந்துகளில் சேரும் லெய்கோங்டெங் என்ற கொடி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும், ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும். சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு ஏற்கெனவே கல்லீரல் கவலை. அதன் மேல் பெயர் தெரியாத பொடியா? வேண்டவே வேண்டாம்.

சீனர்களின் சிங்டாய் என்னும் நீலப்பொடி கதை வேறு. அதைக் களிம்பாக்கித் தைவானில் சோதித்தபோது நல்ல பலன் தெரிந்தது. சட்டையில் நீலக்கறை படியும், அவ்வளவுதான். அதையே விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பும் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும் வந்திருக்கின்றன.

அந்தப் பொடியில் வேலை செய்வதாகக் கருதப்படும் இண்டிருபின் என்ற வேதிப்பொருள் நம் வெட்பாலை இலையிலும் இருக்கிறது. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கருஊதா நிறம் ஏறுமே, அந்தத் தைலம்தான். சிங்டாய் அளவுக்குச் சோதிக்கப்படவில்லை என்றாலும், வெளிப்பூச்சாகக் களிம்போடு சேர்க்க ஒரு மூலிகை வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். வறட்சியாவது குறையும்.

சேர்த்துப் போடுபவர்கள் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். வயல் வேலைக்குப் போகிறவர் கால்சிபோட்ரியாலை இரவில் பூசலாம். வெயில் பட்டால் அதன் வீரியம் குறையும். செதில் உதிர்க்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பு அதைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் பூசக்கூடாது. தைலம் போடுவதையும் தோல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.