கொத்துகிற இளஞ்சேவல்: கட்டுவதா, பழக்குவதா, தனிக்கூட்டில் விடுவதா?

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறி மூன்றாம் நாள் காலை, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவின் காலில் சேவல் பாய்ந்தது. ஏழு மாதச் சேவல். அதற்கு முந்தின கிழமைவரை மகளின் மடியில் ஏறி இருந்து சோறு தின்ற அதே சேவல்தான். அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, "உவனைப் பிடிச்சுச் சட்டிக்குள்ள போடு தம்பி" என்றார். ஆனால் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. அதனால் சேவலுக்குத் தவணை கிடைத்தது. எனக்கும் ஒவ்வொரு வழியாகச் செய்து பார்க்க நாள் கிடைத்தது.

சேவல் குஞ்சு நாலைந்து மாதத்தில் கூவப் பழகும். அதற்குப் பிறகு பேட்டுக் கோழிகளை மிதிக்கத் தொடங்கும். அந்த வயதில் ஓமோன் அதைப் பாடாய்ப் படுத்தும். எங்களுடையது போதாக்குறைக்குக் கைவளர்ப்பு. தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட, மட்டைப்பெட்டிக்குள் பல்ப் போட்டு மகள்தான் வளர்த்தாள். அப்படி வளர்ந்த சேவலுக்கு மனிதரிடத்தில் பயம் இராது. வயதுக்கு வந்ததும் நம்மோடுதான் மல்லுக்கு நிற்கும். பாய்வதற்கு முன் ஒரு பக்கச் செட்டையைத் தாழ்த்தி நிலத்தில் உரசிக்கொண்டு, பக்கவாட்டில் வட்டமாக நடந்து வரும். ஒரு கிழமையாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், பிழை எங்களுடையது.

விற்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். முட்டை இடுவதற்குப் பேட்டுக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டாதவர்கள் கொத்துகிற சேவலை வைத்து மினைக்கெட வேண்டியதே இல்லை, கொடுத்துவிடலாம். ஆனால் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் விற்கப் போகாதீர்கள். ஊரில் பாதிப் பேர் மரக்கறிக்கு மாறியிருப்பார்கள், ஊர்ச்சேவலானாலும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். தீபாவளிக்கு முதல் கிழமை அதே சேவலைத் தேடி ஆள் படலைக்கு வரும். எனக்குக் குஞ்சும் வேண்டும், பிராந்துக்கு (பருந்துக்கு) காவலும் வேண்டும். வானத்தில் பிராந்தைக் கண்டால் சேவல் போடும் சத்தம் வேறு, நிலத்தில் கீரியையோ நாயையோ கண்டால் போடும் சத்தம் வேறு. முதலாவது சத்தத்துக்கு ஆறு பேடுகளும் குரோட்டன் செடிக்குக் கீழே போய்ப் படுத்துவிடும், இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டி நிற்கும். அதைக் கண்ட பிறகு விற்க மனம் வரவில்லை.

அடுத்தது காலில் கட்டுவது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முதலில் சொல்லும் வழி இதுதான். புதிதாக வாங்கி வந்த கோழி வளவைப் பழகும்வரை சீலைக் கிழிசலால் காலில் கட்டி வைப்பது வழக்கம், அதையே சேவலுக்கும் செய்யச் சொன்னார்கள். ஒரு நாள் செய்தேன். பின்னேரம் வேலையால் வந்து பார்த்தால், கயிறு தேசிமரத்தின் அடியை ஐந்தாறு தரம் சுற்றி, சேவல் தண்ணீருக்கும் எட்டாமல் மரத்தோடு ஒட்டி நிற்கிறது. கட்டிய இடத்தில் செதில் உரிந்திருந்தது. நாய் வந்திருந்தால் ஓடவும் முடியாது. இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை, அடுத்த நாள் அவிழ்த்துவிட்டேன்.

பேடுகளைக் கூட்டினால் சரிவரும் என்றார் பக்கத்து வளவு ஐயா. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடு என்பது பொதுவான கணக்கு, என்னிடம் ஆறுதான். முதுகு இறகு கழன்று தோல் தெரிகிற பேடு உங்களிடம் இருந்தால் இந்த வழி பலன் தரலாம், மிதிபடுவது பகிர்ந்துபோகும். ஆளைக் கொத்துவது வேறு கதை. அதற்காக மேலும் நாலு பேடு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழக்குவதற்கு வருகிறேன். அந்தத் திருவிழா நாட்களில் நான் உண்மையாகப் பாடுபட்டது இதில்தான். முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சேவல் வரும்போது பின்வாங்கக் கூடாது, ஓடவே கூடாது. காலால் உதைக்கவும் கூடாது, உதைத்தால் சண்டைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று இன்னும் மூர்க்கமாக வரும். அசையாமல் நின்று, அது தலையைத் திருப்பியதும் ஓரடி முன்னே வைக்க வேண்டும். பாய்ந்துவிட்டால் பிடித்து, செட்டை இரண்டையும் மடக்கிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடக்க வேண்டும். முதலில் நெஞ்சு படபடவென்று அடிப்பது கையில் தெரியும். பத்து நிமிடத்தில் கழுத்து தளரும், கண் பாதி மூடும். அதன் பிறகுதான் இறக்கிவிட வேண்டும். திமிறும்போது விட்டால் அது வென்றதாகிவிடும். நாளுக்கு இரண்டு தரம் என்று பத்து நாள் செய்தேன். பதினோராம் நாள் நான் கிணற்றடிக்கு வர, சேவல் விலகிப் போய் வாழைக்குக் கீழே கிளறத் தொடங்கியது. பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்குப் பின்னேரமே அம்மாவுக்குக் கொத்து விழுந்தது.

இந்த இடத்தில்தான் என் தீர்ப்பு மாறியது. சேவல் ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகத்தான் கணக்குப் பார்க்கிறது. என்னிடம் பழகிய பாடத்தை அம்மாவிடம் அது கொண்டுபோகவில்லை. அம்மாவின் கணக்கில் அதற்குத் தொடர்ந்து வெற்றிதான். அவர் விளக்குமாற்றோடு வருவார், அது பாயும், அவர் ஓடுவார். ஒவ்வொரு ஓட்டமும் அதற்கு ஒரு பாடம். எழுபது வயதுக்காரரிடம் "ஓடாதேங்கோ, நின்று முன்னுக்கு ஓரடி வையுங்கோ" என்று நான் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "நீ வீட்டில நில், நான் வேலைக்குப் போறன்" என்று பதில் வந்தது. மகளுக்கு ஆறு வயது, சேவல் பாய்ந்தால் அதன் காலில் உள்ள முள் அவள் முகத்தின் உயரத்துக்கு வரும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தபோது பழக்கும் வழியில் இருந்த ஆசை போய்விட்டது.

எனவே இந்த ஒப்பீட்டில் நான் கடைசியாக வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். நான் படலையைச் சாத்திக்கொண்டு வெளியே போன பிறகு, அந்த வழி வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை செய்யுமா? தனி ஆளாகக் கோழி வளர்ப்பவருக்கும், பெரியவர்கள் எல்லோருமே பொறுமையாகப் பழக்கத் தயாரான வீட்டுக்கும் பழக்குவதுதான் முதல் வழி, காசும் செலவில்லை. எங்கள் வீடு அப்படி இல்லை.

தனிக்கூடு அடித்தது திருவிழா முடிந்த கிழமை. ஆறடி நீளம், நாலடி அகலம், ஆள் நின்று கூட்டக்கூடிய உயரம். நாலு மூலையிலும் கதியால் தடி, சுற்றிக் கோழிவலை, மேலே கிடுகு. உள்ளே இரண்டடி உயரத்தில் ஏறி நிற்க ஒரு தடி. வலையின் அடியை ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்துக் கல் வைத்தேன், இல்லையென்றால் கீரி தோண்டிக்கொண்டு வரும்.

முதலில் ஒரு பிழை விட்டேன். பேடுகளைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று கூட்டை முற்றத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். சேவல் விடிந்ததிலிருந்து வலையோரமாக அங்கும் இங்கும் நடந்து, தலையை ஓட்டைக்குள் விட்டு இழுத்து, மூன்றாம் நாள் கொண்டையின் அடியில் இரத்தம். அந்தப் பக்கம் முழுவதையும் கிடுகால் மறைத்தேன். பேடுகளின் சத்தம் கேட்கும், உருவம் தெரியாது. இரண்டு மூன்று நாளில் நடை நின்றது.

பராமரிப்பு என்று பார்த்தால், காலையில் தண்ணீரும் தீனியும் வைக்க ஐந்து நிமிடம். அதை வலைக்கு வெளியே நின்றே வைக்கலாம், அம்மாவும் வைக்கலாம். சனிக்கிழமை கூட்டி அள்ளினால் வாழைக்குப் பசளை. பின்னேரம் ஐந்து மணிக்கு நான் வந்து கதவைத் திறப்பேன், அந்த ஒரு மணித்தியாலம் பேடுகளோடு திரியும். குஞ்சுக்கு இது தாராளமாகப் போதும், ஏனென்றால் சேவலைப் பிரித்த பிறகும் ஒரு கிழமைக்கு மேல் பேடு கருவுள்ள முட்டை இடும். இருட்டுப் படும் நேரத்தில் பால்மாப் பேணிக்குள் நெல்லைப் போட்டுக் கிலுக்கினால் தானே கூட்டுக்குள் ஓடும். முதல் பத்து நாள் பசியோடு விட்டதால்தான் இந்தப் பழக்கம் வந்தது. வயிறு நிறைந்த சேவலுக்குப் பேணிச் சத்தம் கேட்காது.

குறையும் உண்டு. பகலில் பிராந்துக்குக் காவல் என்று நான் பெரிதாகச் சொன்னது பாதியாகிவிட்டது. மேலே கிடுகு இருப்பதால் சேவலுக்கு வானம் சரியாகத் தெரிவதில்லை. ஒரு பக்கத்தில் கிடுகை எடுத்து வலை மட்டும் போடலாம் என்று யோசித்தேன், அதற்குள் மாரி தொடங்கிவிட்டது. மாரியில் கூட்டுக்குள் செம்மண் குழைந்து சேவலின் கால் சிவந்துபோயிற்று. மூன்று கடகம் மணல் கொட்டி, சுற்றிச் சின்ன வாய்க்கால் வெட்டிய பிறகுதான் காய்ந்தது. விடியப்புறம் கூவுவதைத் தனிக்கூடு குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு, எங்கே அடைத்தாலும் கூவும்.

முள்ளை வெட்டுவது பற்றிக் கேட்பீர்கள். எங்களுடையதில் முள் இப்போதுதான் அரை அங்குலம், நான் கை வைக்கவில்லை. முள்ளின் உள்ளே எலும்பு இருக்கிறது, நுனியைத் தாண்டி வெட்டினால் இரத்தம் ஓடும் என்பதால் மிருக வைத்தியரிடம் காட்டித்தான் செய்வேன். சண்டைச் சாதிச் சேவல் வைத்திருப்பவர்களுக்கும் நான் எழுதியது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். நான் பார்த்தது ஊர்ச்சேவல், அதுவும் ஒன்றுதான்.

கார்த்திகையில் அடை வைத்த பன்னிரண்டு முட்டையில் 21ஆம் நாள் ஒன்பது பொரித்தது. இந்த முறை மகளிடம் ஒரு குஞ்சையும் கையில் கொடுக்கவில்லை, தாயோடுதான் திரிகின்றன. எத்தனை சேவல் என்று இன்னும் பிடிபடவில்லை. எத்தனை என்றாலும் கூவத் தொடங்கிய உடனே சந்தைக்குத்தான். கூடு ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று அடிக்கத் தடியும் இல்லை, இடமும் இல்லை.