குரலை மாற்றாமல் தரும் ரேடியோவா? டெக்சன் பிஎல்-310இடி: ஒரு விமர்சனம்

ரேடியோ விமர்சனம் என்றால் எத்தனை ஸ்டேஷன் பிடிக்கிறது, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். பாட்டுக்காக ரேடியோ வாங்குகிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்று குரலை வைத்தே சொல்ல முடிகிறதா? பல சின்ன ரேடியோக்கள் இதில் தோற்றுவிடுகின்றன. அந்தக் கோணத்தில் மட்டும் டெக்சன் பிஎல்-310இடியைப் பார்க்கலாம்.

கையடக்க செட். மூன்று ஏஏ பேட்டரி. எஃப்எம், மீடியம் வேவ், லாங் வேவ், ஷார்ட் வேவ் நான்கும் உண்டு. உள்ளே இருப்பது டிஎஸ்பி சிப், அதாவது சிக்னலை எண்களாக மாற்றிக் கையாளும் சிப். சிக்னலின் பலமும், இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதும் திரையில் டெசிபலில் எண்ணாகத் தெரியும். மீடியம் வேவிலும் ஷார்ட் வேவிலும் பேண்ட்வித்தை, அதாவது ஸ்டேஷனைச் சுற்றி எவ்வளவு அகலத்தை செட் உள்ளே விடுகிறது என்பதை, 6, 4, 3, 2, 1 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். பாட்டுக் கேட்பவருக்கு இந்த செட்டின் உயிரே அந்த பேண்ட்வித் பொத்தான்தான்.

குரலில் ஆண், பெண் அடையாளம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று சுருதி. பேச்சில் ஆண் குரல் ஏறக்குறைய 100 முதல் 130 ஹெர்ட்ஸ், பெண் குரல் 200 ஹெர்ட்ஸை ஒட்டி. பாட்டில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் பாடுவது வழக்கம். இன்னொன்று தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாயின் நீளம். ஆண்களுக்கு இது சுமார் 17 செண்டிமீட்டர், பெண்களுக்கு இரண்டு மூன்று செண்டிமீட்டர் குறைவு. குழாய் குட்டையாக இருந்தால் அதன் அதிர்வுகள் மேலே ஏறும். ஒரே சுருதியில் ஆணும் பெண்ணும் பாடினாலும் நம் காது பிரித்துச் சொல்லிவிடுவது இதனால்தான். இந்தக் குழாயின் அடையாளத்தில் பெரும்பகுதி 500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கிறது. ரேடியோ அந்த இடத்தில் கை வைத்தால் குரல் குழம்பும்.

பேண்ட்வித்தை 2-க்கோ 1-க்கோ இறக்கினால் நடப்பது அதுதான். பக்கத்து ஸ்டேஷனின் இரைச்சல் போகிறது, கூடவே குரலின் மேல்பகுதியும் போகிறது. 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கி, பெண் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்துவிடும். கொஞ்சம் கனமான பெண் குரலாக இருந்தால் ஆண் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே உள்ளூர் ஆகாசவாணிக்கு எப்போதும் 6. இரவில் தூரத்து ஸ்டேஷன் பக்கத்தில் வந்து உரசினால் 4. பாட்டுக்கு அதற்குக் கீழே இறங்க வேண்டாம். 3 பேச்சுக்கு மட்டும். 2, 1 இரண்டும் ஸ்டேஷன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அவ்வளவே.

செட் கைக்கு வந்ததும் மீடியம் வேவ் ஸ்டெப், அதாவது தேடும்போது ஒவ்வொரு தாவலின் அளவு, 9 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கான 10 ஸ்டெப்பில் இருந்தால் தானியங்கித் தேடல் நம் ஸ்டேஷன்களின் தலையில் நிற்காது. திருச்சி 936-இல் இருக்கிறது. பத்துப் பத்தாகப் போனால் 930, 940 என்று தாண்டிவிடும். 940-இல் நின்றாலும் பாட்டு கேட்கும், ஆனால் நான்கு கிலோஹெர்ட்ஸ் தள்ளி. அப்போது குரலில் ஒரு கரகரப்பும் கீச்சுத்தனமும் சேரும். பாடகரின் தொண்டையில் குறை என்று நினைக்கத் தோன்றும். குறை ட்யூனிங்கில்தான். திருகியை மெதுவாகத் திருகி ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸாக நகர்த்தி, தெளிவு எண் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு செட்டையே மேசை மேல் மெல்லச் சுழற்றுங்கள். மீடியம் வேவ் ஆன்டெனா உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சி. வெளியே நீளும் கம்பி எஃப்எம்முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான், அதை ஆட்டி மீடியம் வேவில் பயனில்லை. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் இரண்டையும் தள்ளி வைத்தாலே எண் நன்றாக ஏறும்.

சிக்னல் ரொம்பக் குறைந்தால் டிஎஸ்பி தானாகவே ஒலியை அடக்கும். பேச்சில் இது பெரிதாகத் தெரியாது. பாட்டில் தெரியும்: இழுத்து மெலிந்து முடியும் ஒரு கார்வை (ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பது) பாதியில் அமுங்கிவிடும். இந்த ரக செட்களின் உண்மையான பலவீனம் என்று இதைத்தான் சொல்வேன். நல்ல சிக்னலில் இந்தத் தொல்லை வராது.

அடுத்தது ஸ்பீக்கர். இந்த அளவு செட்டில் எந்த ஸ்பீக்கரும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காக ஒலிக்காது. ஆண் குரலின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. அது விடுபட்டாலும் மேலே இருக்கும் அதிர்வுகளை வைத்து நம் காது சுருதியைச் சரியாகவே பிடித்துக்கொள்ளும். போவது கனம்தான். யேசுதாஸ் போன்ற அடர்ந்த குரலுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை, யாராலும் அதை மாற்றிப் புரிந்துகொள்ள முடியாது. அடிபடுவது உச்சத்தில் பாடும் ஆண் குரல்கள். நாடக நடிகர், பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டைச் சின்ன ஸ்பீக்கரில் முதல்முறை கேட்கிறவர் பாடுவது பெண் என்று நினைத்தால் அது காதின் குற்றம் அல்ல. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் எட்ட வேண்டிய குரல் அது. அதே மேடையில் வளர்ந்த கே.பி. சுந்தராம்பாளின் குரலில் இருக்கும் கம்பீரம் நேர் எதிர்த்திசையில் ஏமாற்றும்.

இந்தப் பழைய தட்டுகளில் ரேடியோவால் திருத்த முடியாத சங்கதி ஒன்றும் இருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர் இருந்தாலும் அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 75 சுற்றில் பதிந்ததை 80-இல் ஓட்டினால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்று மேலேயே ஏறும். சுருதி மட்டும் ஏறினால் பரவாயில்லை, குழாயின் அடையாளமும் அதே விகிதத்தில் ஏறிவிடும். ஆண் குரல் பெண் பக்கம் நகர்வது அங்கேதான். ஒலிபரப்பிலேயே அப்படி வந்தால் எந்த செட்டை மாற்றியும் பலன் இல்லை.

ஹெட்ஃபோன் மாட்டினால் இந்த செட் வேறு செட். எஃப்எம் ஸ்டீரியோவாகக் கிடைக்கும், 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி உண்டு, கீழ்ப்பகுதியும் திரும்பி வரும். சிக்னல் மெலிந்த இடத்தில் ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் போகும், குரலுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஷார்ட் வேவில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அயனி மண்டலத்தில் பட்டு வரும் சிக்னலில் சில அதிர்வெண்கள் மட்டும் சில நொடி மங்கும், அந்த நேரத்தில் யார் குரலும் யாருடையதாகவும் கேட்கும். அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பேச்சைக் கேட்க உதவும் எஸ்எஸ்பி வசதி இதில் இல்லை. பாட்டுக்கு அது வேண்டியதும் இல்லை.

எவ்வளவு சரியாக வைத்தாலும் சில குரல்கள் குழப்பத்தான் செய்யும். அதை ரேடியோவின் கணக்கில் எழுதக் கூடாது. தார்வாட்டில் 1913-இல் பிறந்த இந்துஸ்தானிப் பாடகி கங்குபாய் ஹங்கலின் குரல் தொண்டைச் சிகிச்சைக்குப் பிறகு கனத்து, கிரானா கரானா என்ற இசை மரபின் மிகக் கம்பீரமான குரல்களில் ஒன்றானது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் பள்ளியில் பாட்டு வகுப்புக்கு ஏற்காத குரல் என்று ஒதுக்கப்பட்டவர், அதே தாழ்ந்த குரலில்தான் பெயர் வாங்கினார். அமெரிக்க ஜாஸ் பாடகர் ஜிம்மி ஸ்காட்டுக்குப் பருவ வளர்ச்சியைத் தடுக்கும் கால்மன் சிண்ட்ரோம் காரணமாகக் குரல் உடையவே இல்லை. சார்லி பார்க்கருடன் அவர் பாடிய ஒரு பதிவை ஒரு பாடகியின் பெயரில் வெளியிட்டார்கள். காதுக்கு வந்த சந்தேகம் ஒரு கலைஞனின் பெயரையே பறித்துக்கொண்டது. நல்ல ரேடியோவின் வேலை இந்தக் குரல்களை இருக்கிறபடியே தருவது. 6-இல் வைத்த 310இடி ஹெட்ஃபோனில் அதைச் செய்கிறது. கங்குபாயின் கனம் கனமாகவே வருகிறது, ஆனால் சொற்களின் ஓரம் மழுங்கவில்லை.

மிச்சச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது அறிவிப்பாளர்தான். படம், இசை, பாடல், பாடியவர் என்று வரிசையாகச் சொல்லும் பழக்கத்தை ஆகாசவாணியும் இலங்கை வானொலியும் வளர்த்தன. அது இல்லாத தனியார் எஃப்எம்மில் இந்த செட்டாலும் உதவ முடியாது, ஏனென்றால் ஸ்டேஷன் அனுப்பும் எழுத்தைத் திரையில் காட்டும் வசதி இதில் இல்லை.

யாருக்கு இது ஏற்றது? மீடியம் வேவில் பாட்டும் கச்சேரியும் கேட்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். எஃப்எம் மட்டும் போதும், ஸ்பீக்கரில்தான் கேட்பேன் என்பவர்கள் இதைவிடப் பெரிய ஸ்பீக்கர் வைத்த மேசை ரேடியோவைப் பாருங்கள். எந்த செட் வாங்கினாலும் செய்தி நேரத்தில் கடைக்குப் போங்கள். உள்ளூர் மீடியம் வேவ் ஸ்டேஷனை வைத்து, பேண்ட்வித் 6-இல் ஆண் ஒருவர், பெண் ஒருவர் வாசிப்பதைக் கேளுங்கள். ஆண் குரல் மூக்கடைத்ததுபோல் மெலிந்தாலோ பெண் குரலில் 'ச' மறைந்தாலோ ட்யூனிங்கை ஒருமுறை சரிபாருங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால் அடுத்த செட்டைக் கேளுங்கள்.