குளிர்காலச் சோர்வுக்கு ஆஸ்டியோபதி: காசுக்கு என்ன கிடைக்கிறது?

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டனில் சூரியன் காலை 8 மணிக்குப் பிறகுதான் தலைகாட்டும். மாலை 4 மணிக்குள் போயும்விடும். முழுசாக 8 மணி நேரப் பகல்கூடக் கிடையாது. அதே நாளில் சென்னையில் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். இருட்டில் வேலைக்குக் கிளம்பி இருட்டிலேயே வீடு திரும்புகிறவர்களை நோக்கி, நவம்பர் பிறந்ததும் சில ஆஸ்டியோபதி கிளினிக்குகள் (தசைகளையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, அசைத்துச் சிகிச்சை தருபவை) 'வின்டர் ப்ளூஸ்', அதாவது குளிர்கால மனச்சோர்வுக்குச் சிகிச்சை என்று கடைவிரிக்கின்றன. ஓர் அமர்வுக்கு 50 முதல் 80 பவுண்டு வரை ஆகும். முதல் அமர்வுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கேட்பார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குளிரில் கூனிக் குறுகி உட்கார்ந்தே கழுத்தும் தோளும் இறுகிப்போனவருக்கு இது கொடுத்த காசுக்குத் தகும். மனச்சோர்வுக்குத் தகாது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதுதான் கோளாறு.

முதல் அமர்வு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை போகும். பாதி நேரம் கேள்விகள்தான்: தூக்கம், சாப்பிடும் மருந்துகள், பழைய அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்மானம். பிறகு உள்ளாடையோடோ கவுனிலோ நிற்கவைத்துக் குனியவும் திரும்பவும் சொல்வார்கள். கூச்சப்படுகிறவர்கள் ஷார்ட்ஸும் தளர்வான டி-ஷர்ட்டும் எடுத்துப் போகலாம். துணைக்கு ஒருவரை அறைக்குள் அழைத்துக்கொள்ளலாம், யாரும் மறுக்கக்கூடாது.

மேசையில் நடப்பது பெரும்பாலும் தசைகளைப் பிசைந்து தளர்த்துவதும் மூட்டுகளை மெதுவாக அசைத்துப் பார்ப்பதும்தான். மல்லாந்து படுத்திருக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்கடியில் செருகி விலா எலும்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குவார்கள். மூச்சு ஆழமாக இறங்கும். சுகமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. சில சமயம் சட்டென்று ஒரு திருகல், 'டக்' என்று ஓசை. விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த ஓசை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைவதால் உண்டாகும் வாயுக்குமிழியின் வேலை அது. நாம் விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் அதே ஓசைதான். கழுத்தில் இந்தத் திருகலைச் செய்யும்முன் உங்கள் சம்மதத்தைக் கேட்டாகவேண்டும். அரிதாகக் கழுத்து ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து உண்டு என்பதால், 'வேண்டாம், வேறு முறையில் செய்யுங்கள்' என்று சொல்லத் தயங்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கும் இந்தத் திருகலே கூடாது. அமர்வுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் உடம்புவலி இருப்பது இயல்பு.

மனச்சோர்வுக்கென்று பல இடங்களில் பரிந்துரைப்பது கிரேனியல் ஆஸ்டியோபதி. தலையை இரு கைகளிலும் தாங்கி, தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, மண்டையோட்டுக்குள் ஒரு தாளம் துடிப்பதாகவும் அதைச் சீர்செய்வதாகவும் சொல்வார்கள். ஒரே ஆளின் தலையை இரண்டு நிபுணர்கள் தொட்டுப் பார்த்த சோதனைகளில் இருவரின் கணக்கும் ஒத்துவரவில்லை. அமைதியான அறையில் அரைமணி நேரம் கண்மூடிப் படுப்பதன் நிம்மதி கிடைக்கும். அதற்கு இந்த விலை அதிகம்.

மனச்சோர்வுக்கு ஆஸ்டியோபதி உதவும் என்று ஆய்வு இருக்கிறதே என்பார்கள். 2001இல் அமெரிக்காவில் வெளியான ஒன்றைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அதில் பங்கேற்றவர்கள் 17 பெண்கள், அவ்வளவுதான். எல்லாருமே மனச்சோர்வு மாத்திரையும் உளவியல் ஆலோசனையும் கூடவே பெற்றுக்கொண்டிருந்தார்கள். குளிர்கால மனச்சோர்வைப் பற்றிய ஆய்வும் இல்லை அது.

பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னை ஆஸ்டியோபத் என்று அழைத்துக்கொள்ள முடியாது. பெயரைக் கவுன்சிலின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பும் இவர்கள் எதற்கெல்லாம் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளலாம் என ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. முதுகுவலி, சயாட்டிகா (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலி), தசைப்பிடிப்பு, கழுத்திலிருந்து வரும் தலைவலி எல்லாம் அதில் உண்டு. 'உடலைத் தளர்த்திக்கொள்ள முடியாமை' என்றுகூட ஒன்று உண்டு. மனச்சோர்வு இல்லை. இது தெரிந்த கிளினிக் 'குளிர்காலத்தில் உடல் இறுக்கத்துக்கு' என்று எழுதும். 'டிப்ரஷனைக் குணப்படுத்துகிறோம்' என்று எழுதுகிற இடத்தைத் தாண்டிப் போங்கள். ஆறு அமர்வுக்கான பணத்தை முன்கூட்டியே கேட்கும் இடத்தையும்தான். இரண்டு மூன்று அமர்வில் கழுத்து இளகவில்லை என்றால், நான்காவது எதற்கு?

அந்தப் பணத்தில் ஒரு பகுதி, வெளிச்ச சிகிச்சைக்கான பிரகாசமான விளக்குக்குப் போகட்டும். குளிர்கால மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் சகாக்களும் 1984இல் விவரித்தபோதே கூடவே சோதித்தது வெளிச்ச சிகிச்சையைத்தான். 2006இல் கனடாவில் 96 பேரிடம் நடந்த ஆய்வில் வெளிச்சமும் ஃப்ளூவாக்ஸெட்டின் என்னும் மனச்சோர்வு மாத்திரையும் 8 வாரத்தில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. சான்றுகள் இன்னும் திடமாக வேண்டும் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது உண்மைதான், ஆனால் தலையைத் தொட்டுக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவு இது: 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 30 நிமிடம், தினமும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம். கண் திறந்திருந்தால் போதும். கண்மட்டத்துக்குச் சற்று மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு காபி குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம். மக்கள் ஏமாறுவது தூரத்தில். பெட்டியில் 10,000 லக்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பொடி எழுத்தில் '15 செ.மீ. தூரத்தில்' என்றிருக்கும். மூக்கை ஒட்டி விளக்கை வைத்துக்கொண்டு யார் அரைமணி உட்காருவார்கள்? தூரம் இரட்டித்தால் வெளிச்சம் ஏறக்குறையக் கால்வாசியாகக் குறைந்துவிடும். 40 செ.மீ.க்கு மேலும் 10,000 லக்ஸ் தருகிற, புற ஊதாக் கதிரை வடிகட்டுகிற பெரிய பலகை விளக்காகப் பாருங்கள். மாலையில் போட்டால் ராத்தூக்கம் கெடும். இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு மனவெழுச்சியைத் தூண்டிவிடலாம். விழித்திரை நோய் உள்ளவர்களும் இவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

விட்டமின் டி தனிக்கணக்கு. அக்டோபர் முதல் மார்ச் வரை தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறது பிரிட்டன் அரசு. நம் போன்ற கருத்த தோலுக்கு ஆண்டு முழுவதும். அது எலும்புக்கும் தசைக்கும். மனசுக்கு மருந்தென்று நினைத்து அளவைக் கூட்டாதீர்கள்.

தூக்கம் பெருகி, சோறும் இனிப்பும் மட்டுமே கேட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் முதலில் போகவேண்டியது ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். டாக்கிங் தெரபிஸுக்கு (அரசு மருத்துவச் சேவையின் உளவியல் ஆலோசனை) ஜி.பி. கடிதம் இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ் 116 123.

கழுத்துக்காக ஆஸ்டியோபத்திடம் போவதென்று முடிவெடுத்தால் காலையில் முதல் நேரத்தைக் கேளுங்கள். வெளிச்சம் வந்தபின் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மேகமூட்டமான லண்டன் காலைகூட ட்யூப்லைட் போட்ட வரவேற்பறையைவிடப் பலமடங்கு பிரகாசமானது, அதற்குப் பில் வராது.