சந்தை மூடியிருக்கிறதென்று ஆன்லைனில் மாடு வாங்கப் போகிறீர்களா? எனக்கு ரூ.31,500 போய்விட்டது

மாட்டு அம்மைக்கு (உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வருகிற தோல் கழலை நோய்) பயந்து சந்தை மூடியிருக்கிற ஊர்க்காரர்கள், முக்கியமாகக் கறவை மாடு தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எனக்கு ரூ.31,500 போனது. மாடு வரவில்லை. பணத்தை வாங்கியவனின் போன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் எண்ணை மட்டும் தடுத்து வைத்திருக்கிறான். என் தங்கச்சி போனிலிருந்து கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்கக்கா, எந்த மாடு வேணும்?" என்கிறான். கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சத்தியமங்கலம் பக்கம். மூன்று கறவை வைத்திருந்தோம். வீட்டுக்காரர் மில் வேலைக்குப் போகிறார், மாடு, பால், சங்கம் எல்லாம் என் பொறுப்பு. மூன்றில் நன்றாகக் கறக்கிற செவலைக்குத்தான் முதலில் வந்தது. ஒரு நாள் தீனி எடுக்கவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. அடுத்து கழுத்து, மடி, தொடை எங்கும் கோலிக்குண்டு அளவில் கட்டிகள். முன்னங்கால் வீங்கிப் படுக்கவும் முடியாமல் நின்றுகொண்டே இருந்தது. ஒன்பது லிட்டர் கறந்த மாடு ஒரு சொம்புக்கு வந்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் ஊசி போட்டார். இது வைரஸ், நேரடியாகக் கொல்லும் மருந்து கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வெற்றிலை பத்து, மிளகு பத்து கிராம், உப்பு பத்து கிராம், வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள், விடாமல் தடவினேன். கட்டி உடைந்த இடத்தில் வேப்பிலையும் குப்பைமேனியும் மஞ்சளும் எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன். பலருடைய மாடு இதிலேயே தேறிவிட்டது. எங்களுடையது சினை மாடு. கன்றை வீசிவிட்டு அதுவும் போய்விட்டது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

மற்ற இரண்டுக்கும் முகாமில் ஆட்டம்மைத் தடுப்பூசியையே இந்த நோய்க்கும் போட்டார்கள், காசு வாங்கவில்லை. அதற்குள் வாரச் சந்தையை மூடிவிட்டார்கள். மூடியதைக் குறை சொல்லவில்லை. ஈ, கொசு, உண்ணி கடித்துப் பரவுகிற நோய், மாடு ஏறுகிற வண்டியில் நோயும் ஏறும். சந்தையை நிறுத்தவும் மாடு கொண்டுபோவதைத் தடுக்கவும் 2009-லேயே சட்டம் இருக்கிறது. சரி. ஆனால் மாடு செத்தவள் அடுத்த மாட்டை எங்கே வாங்குவாள் என்று யாரும் சொல்வதில்லை. மகளிர் குழுக் கடன் தவணை மாடு செத்ததென்று நிற்காது.

சந்தையாக இருந்தால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், மடியைத் தொட்டுப் பார்ப்போம், நாமே உட்கார்ந்து பீய்ச்சிப் பார்ப்போம். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து ஐநூறோ ஆயிரமோ ஏற்றுவார், ஏற்றட்டும். அடுத்த வாரமும் அதே மரத்தடியில்தான் நிற்பார், போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்.

எனக்குக் கிடைத்தது ஒரு மொபைல் செயலி. நிலம், டிராக்டர், ஆடு, மாடு எல்லாம் விற்கிற வகை. அதில் கர்நாடகாவில் சாமராஜ்நகர் பக்கம் பண்ணை என்று போட்டு, ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து, கிடேரிக் கன்றுடன், நேரத்துக்கு ஏழு லிட்டர், விலை 58,000. பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சைக் குறி. தமிழ் நன்றாகப் பேசினான். வீடியோ காலில் கறந்தே காட்டினான். பாத்திரத்தில் நுரை பொங்கியது, கன்று வாலை ஆட்டிக்கொண்டு முட்டியது.

நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். இங்கிருந்து பஸ் ஏறினால் மலைக்கு அந்தப் பக்கம்தானே. அப்போது அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க ஊர்ல நோவு இருக்குது. உங்க செருப்புல, துணியில ஒட்டிட்டு வந்து என் மாடுங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் எங்க போவேன்? சந்தை திறந்த பிறகு எப்ப வேணா வாங்க, சாப்பிட்டுப் போலாம்."

எங்கள் மருத்துவரும் இதையேதான் சொல்லியிருந்தார், வெளி ஆளைக் கொட்டகைக்குள் விடாதீர்கள் என்று. தன் மாட்டுக்கு இவ்வளவு பார்க்கிறவன் நம்மை ஏமாற்றுவானா என்று தோன்றியது. அந்த ஒரு பேச்சுக்குத்தான் 15,000 முன்பணம் போனது. நோய்க்காகப் போட்ட கட்டுப்பாட்டை அவன் எப்படிப் பயன்படுத்தினான் என்று கவனியுங்கள். ஆள் வந்து பார்க்கக் கூடாது, அதற்குக் கட்டுப்பாடு. மாடு தாமதம், அதற்கும் கட்டுப்பாடு. இன்னும் பணம் வேண்டும், அதற்கும் அதே கட்டுப்பாடு.

பணம் போனதும் தடுப்பூசிச் சான்றிதழ் என்று ஒரு தாளின் படம் வந்தது. முத்திரை, கையெழுத்து, காதுத்தோடு (மாட்டின் காதில் குத்துகிற அடையாளப் பட்டை) எண் எல்லாம் இருந்தது. அடுத்து, அனுமதி பெற்ற டெம்போ என்று 9,000. மறுநாள் மத்தியானம், எல்லைச் செக்போஸ்ட்டில் பிடித்துத் தனிமை முகாமில் விட்டுவிட்டார்கள், 7,500 கட்டினால்தான் விடுவார்கள், இல்லாவிட்டால் கன்று பால் இல்லாமல் கிடக்கும் என்றான். டெம்போவில் மாடு கட்டியிருக்கிற படமும் அனுப்பினான். கன்று என்றதும் அனுப்பிவிட்டேன். மொத்தம் 31,500.

அன்று ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "வண்டி திம்பம் இறங்கிட்டு இருக்குதுக்கா, விடியறதுக்குள்ள உங்க வாசல்ல நிக்கும்" என்றான். ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே நின்றார். "திம்பத்துல ராத்திரி எந்த டெம்போவ விடறாங்க?" என்றார். 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் அந்த மலைப்பாதையில் இரவு வண்டிப் போக்குவரத்துக்குத் தடை என்பது இந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். சாமராஜ்நகர்க்காரனுக்குத் தெரியாதாம்.

அதற்கு மேல் எல்லாம் சாக்குதான். வண்டி பஞ்சர். டிரைவர் போன் ஆஃப். மாட்டுக்கு முகாமில் காய்ச்சல், இன்னும் 12,000 போட்டால் வேறு மாடு மாற்றித் தருகிறேன். பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும் பேங்க் லீவு. கடைசியில், "என்னக்கா, திருடன்கிட்ட பேசற மாதிரி பேசறீங்க" என்று கோபித்துக்கொண்டு தடுத்துவிட்டான்.

செயலிக்காரர்களைப் பிடிக்கவே பெரும்பாடு. பாட்டு ஓடி ஓடி ஒரு பெண் எடுத்தார். பச்சைக் குறி போட்டிருக்கிறீர்களே என்றேன். "அது போன் நம்பரை வெரிஃபை பண்ணதுக்கு மட்டும்தான் மேடம். வாங்கறவங்க, விற்கறவங்க நடுவுல நடக்கற பணத்துக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார். அப்புறம் எதற்கு அம்மா அந்தக் குறி? புகாரைப் பதிந்துகொண்டதாக ஒரு மெசேஜ் வந்தது. இன்று காலை பார்க்கிறேன், அதே மாடு, அதே கன்று, அதே பாத்திரம், கொள்ளேகால் என்று ஊரை மாற்றி 52,000-க்குப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பச்சைக் குறி.

ஆன்லைன் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லிவிட்டேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், காவல் துறையிடமிருந்து கடிதம் வந்தால்தான் பார்க்க முடியும் என்கிறார்கள். காவல் நிலையத்தில் சைபர் பிரிவுக்குப் போ என்றார்கள்.

சான்றிதழ் படத்தை எங்கள் மருத்துவரிடம் காட்டினேன். காதுத்தோடு எண்ணை விரல் வைத்து எண்ணினார். பதினொன்று. "தோட்டுல பன்னெண்டு நம்பர் இருக்கணுமுங்க" என்றார். முகாம் கட்டணம் என்று தனி ஆள் கணக்குக்கு 7,500 கேட்கிற செக்போஸ்ட் எதுவும் அவருக்குத் தெரிந்து இல்லையாம்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பால் நேரம் ஆகிவிட்டது. அதனால் சுருக்கமாக. மாட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள், நோயைக் காரணம் சொல்லி வரவேண்டாம் என்றால் சந்தை திறக்கும்வரை காத்திருங்கள். காதுத்தோட்டை வீடியோவில் கிட்டக் காட்டச் சொல்லி, அந்த எண்ணை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகாம், பர்மிட், ஊசி என்று தனி ஆள் பணம் கேட்டால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அவன் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள்.

இதே மாட்டுக்குப் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். தனித்தனியாகப் போனால் 31,500-தானே என்கிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.