ரோபோவா, ஓப்பனா? சித்தப்பாவின் கணைய அறுவையும் ஒரு கவுன்சலிங் அறையும்

ஊருக்குப் போய்த் திரும்பி வாரங்கள் ஆகிவிட்டன. அந்த மருத்துவமனையின் கவுன்சலிங் அறை மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை. அதை எழுதித் தீர்க்காமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

சித்தப்பாவுக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. காமாலைக்குப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாய், சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நான் போய்ச் சேருவதற்குள் மளமளவென்று முடிந்திருந்தன. டோக்கன் வாங்கி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து உள்ளே போனால், சர்ஜன் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு புரட்டுப் புரட்டினார். “ஆபரேஷன் பண்ணிடலாம். மத்ததெல்லாம் கவுன்சலர் சொல்லுவாங்க” என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கவுன்சலிங் அறையில் ஒரு இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினார். டேப்லெட்டைத் திருப்பி ஒரு வீடியோ காட்டினார்: ரோபோ கைகள், நீல வெளிச்சம், பின்னணி இசை. முடிந்ததும் ஒரு படிவம். அதில் இரண்டு கட்டங்கள், ரோபோட்டிக் ஒன்று, வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பன் ஒன்று.

“ரோபோட்டிக்னா அட்வான்ஸ்டு மேடம், சின்னத் துளைதான். ஓப்பன் பழைய முறை. எது வேணுமோ டிக் பண்ணுங்க.”

கட்டியை ஒட்டிப் பெரிய ரத்தக்குழாய் போகிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அதைக் காட்டி, “டாக்டர் இந்த விப்பிள் ஆபரேஷனை, அதாவது கணையத் தலையை எடுக்கும் ஆபரேஷனை, ரோபோவில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்?” என்று கேட்டேன்.

“நம்ம டாக்டர் ரொம்ப சீனியர் மேடம்.”

“சரி, இந்த மருத்துவமனையில் வருடத்துக்கு எத்தனை நடக்கிறது?”

“அந்த டீடெய்ல்ஸ் என்கிட்ட இல்ல மேடம்.”

“பாதியில் ரோபோவை விட்டுவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால்?”

“அப்படியெல்லாம் ஆகாது மேடம்.”

இந்தக் கடைசிப் பதிலில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. பாதியில் ஓப்பனுக்கு மாறுவது உலகத்தின் மிகச் சிறந்த மையங்களிலும் நடக்கிறது. ரத்தக்கசிவு கட்டுப்படவில்லை, கட்டி குழாயோடு ஒட்டியிருக்கிறது என்றால் உடனே திறப்பதுதான் நல்ல சர்ஜனுக்கு அடையாளம். அப்படி ஆகவே ஆகாது என்று கையெழுத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்திடம் சொல்லலாமா? அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். சர்ஜன் பேச வேண்டியதை அவர் வாயில் வைத்த நிர்வாகத்தைத்தான் குறை சொல்கிறேன்.

சாயங்காலத்துக்குள் சொன்னால்தான் தேதி கிடைக்கும் என்றார்கள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எது புதுசோ அதையே பண்ணிடலாம் கண்ணு, அவருக்குக் குறைவா எதுவும் வேண்டாம்” என்றார். அந்தப் படிவம் குடும்பத்தின் மனதில் செய்யும் வேலை இதுதான். ஓப்பன் என்ற கட்டத்தில் டிக் செய்தால், பாசத்தில் ஏதோ குறை வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

நான் இருக்கும் இங்கிலாந்தில் கணையப் புற்றுநோய் என்றால் சர்ஜன், ரேடியாலஜிஸ்ட், புற்றுநோய் மருத்துவர் எல்லாரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். சந்தேகம் கேட்க அதற்கென்றே ஒரு நர்ஸ் இருப்பார். பேசியதெல்லாம் கடிதமாக வீட்டுக்கு வரும். இங்கே காத்திருக்கும் நாட்கள் நெஞ்சை அரிக்கும், ஊரில் கிடைத்த ஸ்கேன் வேகத்தை இங்கே நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் ரோபோவா ஓப்பனா என்பதை நோயாளியின் வீட்டார் டிக் செய்யும் படிவமாக நான் இங்கே பார்த்ததில்லை.

ஊரிலும் முன்பு இப்படி இல்லையே! சின்ன வயதில் பாட்டியின் ஆபரேஷனுக்குப் போனபோது, பெரிய டாக்டரே பெஞ்சுக்கு வந்து, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே வெட்டப் போகிறார் என்று தாத்தாவுக்கு விரலால் காட்டினார். பாட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அது தவறுதான். ஆனால் கத்தியைப் பிடிப்பவரே எங்களோடு பேசினார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தேன். விப்பிள் அறுவை அமெரிக்க சர்ஜன் ஆலன் விப்பிளின் பெயரால் வந்தது, 1935இல் அவர் அதைப் பற்றி எழுதினார். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையின் அடிப்பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு திரும்பத் தைக்க வேண்டும். கணையத்தைத் தைத்த இடத்தில் கசிவு வருவதுதான் பெரிய பயம். அந்தச் செரிமான நீர் பக்கத்து ரத்தக்குழாயை அரித்தால் உயிருக்கே ஆபத்து. துளை வழியாகச் செய்தாலும் திறந்து செய்தாலும் உள்ளே நடக்கும் வேலை இதேதான்.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. சர்ஜன் சற்றுத் தள்ளி கன்சோல் என்ற கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரோபோவின் கைகளை இயக்குகிறார். முப்பரிமாணப் படம் 10 மடங்கு வரை பெரிதாகத் தெரியும், கை நடுக்கம் வடிகட்டப்படும், கருவியின் நுனி மணிக்கட்டு போலத் திரும்பும். நுணுக்கமான தையலுக்கு இது பெரிய உதவி. ஆனால் பெரும்பாலான கருவிகளில் திசுவைத் தொடும் உணர்வு விரலுக்கு வராது. எடுத்த பகுதியை வெளியே கொண்டுவர எப்படியும் கொஞ்சம் பெரிய வெட்டு ஒன்று வேண்டும். அந்த வீடியோவில் அதைக் காட்டவில்லை.

ஆய்வுகள் சொல்வது இன்னும் முக்கியம். 2017இல் வெளியான கோயம்புத்தூர் ஆய்வில், டாக்டர் பழனிவேலு குழுவினர் 64 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, லேப்ராஸ்கோப்பி விப்பிளையும் (ரோபோ இல்லாமல், சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது) ஓப்பன் விப்பிளையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனையில் தங்கும் காலத்தின் இடைநிலை அளவு ஓப்பனில் 13 நாள், லேப்ராஸ்கோப்பியில் 7 நாள். நம் மண்ணில் வந்த இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதே லேப்ராஸ்கோப்பியை நெதர்லாந்தில் பல மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி 90 நாட்களுக்குள் சிக்கல்களால் இறந்தவர்கள் லேப்ராஸ்கோப்பியில் 50 பேரில் 5, ஓப்பனில் 49 பேரில் 1. பயந்துபோய் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். பெயர் ஒன்றுதான். செய்யும் கைகளும் இடங்களும் மாறியபோது முடிவும் மாறியது.

ரோபோ விஷயத்திலும் இதே கதைதான். சீனாவில், பயிற்சிக் கட்டத்தைத் தாண்டிய சர்ஜன்கள் செய்த ஆய்வு 2024இல் வந்தது. தங்கும் காலம் ரோபோவில் 11 நாள், ஓப்பனில் 13.5 நாள். சிக்கல்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அதே ஆண்டு வந்த ஜெர்மனியின் ஹைடெல்பர்க் ஆய்விலும் மொத்தச் சிக்கல்களின் அளவு ஒன்றாகவே இருந்தது, ரோபோவில் நேரம் கூடுதலாகப் பிடித்தது. அந்தப் பயிற்சிக் கட்டம் எவ்வளவு நீளம் என்பதை அறிய அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழு 2015இல் தன் 200 ரோபோ விப்பிள்களைத் திரும்பிப் பார்த்தது. ரத்த இழப்பும் ஓப்பனுக்கு மாறுவதும் 20 அறுவைகளுக்குப் பிறகு குறைந்தன, கணையக் கசிவு 40க்குப் பிறகு, அறுவை நேரம் 80க்குப் பிறகு. அதனால்தான் அந்த எண்ணிக்கைக் கேள்வியை விடாமல் கேட்டேன். சித்தப்பா அந்த வரிசையில் 5ஆவது ஆளா, 105ஆவது ஆளா என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா?

மறுநாள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டோடு வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. சர்ஜன் சிடியைப் போட்டு, படங்களை மெதுவாக உருட்டி, எங்களையும் திரையைப் பார்க்கச் சொன்னார். ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் கணையத்தை வரைந்தார். “ஐயா, உங்க கட்டி இந்த ரத்தக்குழாயைத் தொட்டுக்கிட்டு இருக்கு. குழாயில் கொஞ்சம் வெட்டித் தைக்க வேண்டி வரலாம். வால் பகுதியில இருந்திருந்தா நானே ரோபோன்னு சொல்லியிருப்பேன், அங்கே திரும்ப இணைக்கிற வேலை கிடையாது. இந்தக் கட்டிக்கு ஓப்பன்தான் எனக்குச் சரின்னு படுது” என்றார்.

எண்ணிக்கை கேட்டேன். முகம் சுளிக்காமல், ஓப்பனில் எத்தனை, ரோபோவில் எத்தனை, எத்தனை பேருக்குக் கசிவு வந்தது, எத்தனை பேரை இழந்தோம் என்று தன் பதிவேட்டைப் பார்த்தே சொன்னார். தலைப்பகுதிக்கு ரோபோவை இப்போதுதான் ஆரம்பித்திருப்பதாகவும், எளிதான கட்டிகளாகப் பார்த்துத்தான் செய்வதாகவும் சொன்னார். சித்தப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்களே பண்ணுங்க டாக்டர்” என்றார். இவ்வளவும் ஆக அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. இதை எல்லா இடத்திலும் செய்ய என்ன தடை என்றுதான் மனம் ஆறவில்லை. இங்கிலாந்தில்கூட ஒரு சர்ஜன் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஓப்பன் அறுவை நடந்தது. குழாயில் ஒரு சிறு பகுதியை எடுத்துத் தைத்திருக்கிறார்கள். கணையத் தையலில் லேசான கசிவு இருந்து, டியூப் வழியாக வடிந்து நின்றுவிட்டது. வயிற்று வலி அதிகம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. துளை வழி அறுவையில் அது குறைந்திருக்கலாம். அப்புறம் கீமோ ஆரம்பித்தார்கள். அறுவை எந்த முறையில் நடந்தாலும், உடம்பு சீக்கிரம் தேறி கீமோவை முழுதாக முடிப்பதும் இந்த நோயில் அறுவை அளவுக்கே முக்கியம் என்று அந்த சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார்.

வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், கவுன்சலரிடம் பேசுவதற்கு முன் சர்ஜனிடமே கேளுங்கள்: கட்டி தலையிலா, வாலிலா? ரத்தக்குழாயைத் தொடுகிறதா? இந்த முறையில் நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை முறை பாதியில் ஓப்பனுக்கு மாறினீர்கள்? பதில் வராவிட்டால் இன்னொரு இடத்துக்குப் போகத் தயங்காதீர்கள். போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் சிடியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பதை அடுத்த சர்ஜன் தன் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும்.