கடலுணவுக்கு எந்த ஸ்பானிய வெள்ளை ஒயின்? அல்பரீன்யோ, வெர்தேஹோ, மன்சனீயா

கோடையில் நண்டும் இறாலும் மட்டியும் மேசைக்கு வரும்போது, ஸ்பானிய வெள்ளை ஒயின்களில் முதலில் நினைவுக்கு வருவது அல்பரீன்யோ. அந்தப் பெருமைக்கு அது தகுதியானதே. ஆனால், கொடுக்கும் காசுக்கு அதிகம் தருவது எது என்று கேட்டால் என் விடை வேறு.

அல்பரீன்யோவின் தாயகம் வடமேற்கிலுள்ள கலீசியா. அட்லாண்டிக் கடல் நிலத்துக்குள் நீண்டு புகும் கழிமுகங்களை ஒட்டிய ரீயாஸ் பைஷாஸ், 1988இல் ஒயின் வட்டாரமாகச் சட்ட அங்கீகாரம் பெற்றது. அங்கே மழை அதிகம். ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் காற்று புகுந்து வர, கருங்கல் தூண்களின் மேல் கொடிகளைப் பந்தலாகப் படரவிடுகிறார்கள். பந்தலுக்கு அடியில் நின்று கையால்தான் குலைகளைப் பறிக்க வேண்டும். நிலங்களும் துண்டு துண்டானவை. ஸ்பானியக் கடைகளிலேயே நல்ல பாட்டில் பத்து யூரோவைத் தாண்டுவதற்கு இவை முக்கியக் காரணங்கள். பீச் பழ மணம், கூரான புளிப்பு, கடைசியில் மெல்லிய உப்புச் சாயல். வெறும் நீராவியில் வெந்த மட்டிக்கும் வேகவைக்காமல் உண்ணும் சிப்பிக்கும் இதை நெருங்க வேறு ஒயின் இல்லை என்றே சொல்வேன்.

வெர்தேஹோ என்ற திராட்சை கடலை விட்டுத் தள்ளிய உட்பகுதிக்காரன். வாயதோலித் நகருக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலுள்ள ருவேதாவின் கூழாங்கல் மேட்டுநிலம் அதன் இடம். பகல் கொளுத்தும், இரவு சட்டென்று குளிரும். பழத்தில் புளிப்பு தங்குவது அந்தக் குளிரால்தான். சமவெளியில் வரிசையாக நிற்கும் கொடிகளில் இயந்திரம் ஓடும். வெயில் படாமல் இரவிலேயே அறுவடை முடிந்துவிடும். அதனால் ஐந்து முதல் எட்டு யூரோவுக்குள் துப்புரவான ஒயின் கிடைக்கிறது. சோம்பு, பசும்புல் மணமும் இறுதியில் ஒரு சிறு கசப்பும் அதன் அடையாளம். பொரித்த கணவாய்க்கும் பூண்டு மணக்கும் இறாலுக்கும் அந்தக் கசப்பு நன்றாக ஈடுகொடுக்கிறது. சிப்பிக்கு மட்டும் வேண்டாம். மூலிகை வாசம் அதன் மென்மையை அமுக்கிவிடும். லேபிளில் ருவேதா வெர்தேஹோ என்று இருந்தால் குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சைதான்.

வடக்கே, பாஸ்க் நாட்டுக் கடலோரத்தின் சாக்கோலி என்ற வெள்ளை ஒயினும் அருமையானது. ஆல்கஹால் குறைவு, நாக்கில் லேசான துறுதுறுப்பு, நெத்திலிக்கு உற்ற துணை. ஆனால் விளைச்சல் சிறியது. ஊரை விட்டு வெளியே வந்தால் விலை ஏறிவிடுகிறது. அந்தக் கடலோர ஊரான கெத்தாரியாவுக்குப் போனால் தயங்காமல் குடியுங்கள்.

என் தேர்வு தெற்கே இருக்கிறது: குவாதல்கிவீர் ஆறு கடலில் கலக்குமிடத்தில், சான்லூக்கார் தே பர்ரமேதாவில் முதிரும் மன்சனீயா. இது ஷெர்ரி (ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய தெற்கு ஸ்பானிய ஒயின்) குடும்பம் என்றதும் பலர் இனிப்பை நினைத்து விலகுகிறார்கள். உண்மையில் இதில் சர்க்கரை அநேகமாக இல்லை. பீப்பாய்க்குள் ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு வெண்படலமாகப் படர்ந்து, காற்று படாமல் காக்கிறது. கடற்காற்றின் ஈரம் அந்தப் படலத்தை வாடாமல் வைத்திருக்கிறது. புளிப்பு குறைவுதான். ஆனாலும் வறண்ட, உப்புக்கரிக்கும், பச்சை பாதாம் மணக்கும் சுவை வாயைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறது. அவித்த இறாலை உரித்து, ஒரு வாய் மன்சனீயா குடித்துப் பாருங்கள். இறாலின் இனிப்பு அப்போதுதான் முழுதாகத் தெரியும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர்ந்த இந்த ஒயின், இளம் அல்பரீன்யோவைவிட மலிவாக விற்பது நமக்குப் பெரிய லாபம்.

ஆல்கஹால் 15 சதவீதம் என்பதால் சிறு கிண்ணங்களில், நன்றாகக் குளிரவைத்துப் பரிமாறுங்கள். திறந்த பாட்டில் சில நாட்களிலேயே களையிழக்கும். இரண்டே பேர் என்றால் அரை பாட்டில் வாங்குங்கள். கூட்டம் பெரிது, பொரித்த கடலுணவு அதிகம் என்றால் வெர்தேஹோ போதும். அல்பரீன்யோவைச் சிப்பி கிடைக்கும் நாளுக்கு வைத்திருங்கள்.